ஆறாம் நம்பர் மிஷின் முன்னால் தெரியும் வரி

என் ஆசைக் கூட்டாளி கோமளாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "செத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இது?" என்று நீயே சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. நான் நன்றாக இல்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து இதோடு மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை துணி காயப்போட, ஒரு தடவை அதே துணியைத் தொட்டுப் பார்த்து இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று திட்ட, ஒரு தடவை எதற்கென்றே தெரியாமல். கால் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

உனக்கு மட்டும் எழுதி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். நம் பத்து பாகாட் ஊரில் உன்னைப் பற்றித் தப்பாகப் பேசியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. கோவில் பந்தியில் பேசினார்கள், பாசாரில் மீன் வாங்கும்போது பேசினார்கள், நம் தாமான் வீட்டு வரிசையில் வாசல் கூட்டும்போது பேசினார்கள். அத்தனை பேர் காதிலும் விழவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. கம்பெனி பெயரை எழுதமாட்டேன். என் பெயரைக் கீழே எழுதுவேன்.

முதலில் ஒரு சேதி. நீ போன பிறகு கண்ணாடி மாறிவிட்டது.

படிக்கிறவர்களுக்கு அது என்ன கண்ணாடி என்று தெரியாது, கொஞ்சம் பொறு, சொல்லிவிடுகிறேன். நாம் வேலை பார்த்தது துணிக்குச் சாயம் ஏற்றுகிற பெக்டரி. வரிசையாகப் பன்னிரண்டு மிஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு, உள்ளே கொதிக்கும் சாயத் தண்ணீர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் கம்பெனி ஒரு கண்ணாடி கொடுத்தது. ஒவ்வொரு மிஷின் முகப்பிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது, காந்தத்தில் ஒட்டி நிற்கும். கண்ணாடியில் இருக்கும் குட்டிக் கேமரா அந்தத் தகட்டைப் பார்த்ததும் நாம் எந்த மிஷின் முன்னால் நிற்கிறோம் என்று கண்டுகொள்ளும். உடனே வலது கண் ஓரத்தில் மலாயில் எழுத்து ஓடும். உள்ளே சூடு எவ்வளவு, சாயம் ஏறி எவ்வளவு நேரம் ஆயிற்று, திறக்கலாமா கூடாதா, முந்தின ஷிப்டுக்காரர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், எல்லாம். அடுத்த மிஷினுக்கு நகர்ந்தால் எழுத்தும் மாறிவிடும்.

அதை முதல்முதலாக மாட்டிக்கொண்ட அன்று நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்த காலம் பூரா இவ்ளோ பேசுனதில்லடி தேவி. இது கேக்காமலே எல்லாத்தையும் சொல்லுது!" செக்‌ஷனே சிரித்தது. இஞ்சினியர் லிம்முக்குத் தமிழ் தெரியாது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது வந்திருக்கிற புதுக் கண்ணாடிக்குத் தகடே வேண்டாம். மிஷினின் உருவத்தையும், அது நிற்கிற இடத்தையும், பக்கத்தில் இருக்கும் தூணையும் பார்த்து அதுவாகவே கண்டுபிடித்துக்கொள்கிறது. கதவைப் பார்த்தால் கதவைப் பற்றிச் சொல்கிறது. கேன்டீன் வாசலில் நின்றால் முட்டை தீர்ந்துவிட்டது என்கிறது. உன் லாக்கர் முன்னால் போய் நின்றேன், 'காலி' என்று காட்டியது. பழைய தகடுகளையெல்லாம் கழற்றி ஒரு வாளியில் போட்டு ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தச் சனியன் பிடித்த புதுக் கண்ணாடி ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா கோமளா?

இப்போது அந்த ஆயுத பூஜை நாளுக்கு வருகிறேன். வந்துதான் ஆகவேண்டும்.

அன்று காலை மிஷின்களையெல்லாம் நிறுத்தி, கழுவி, துடைத்தோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நம் செக்‌ஷன் கோவில் மாதிரி இருக்கும். நீ சந்தனக் கிண்ணத்தோடு ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தாய். மிஷின் உடம்பில் பெயின்டில் எழுதியிருந்த நம்பர்மேலேயே பெரிதாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாய். "நெத்தி எங்க இருக்குன்னு தெரியல, நம்பர்தான் இதுங்களுக்கு நெத்தி" என்றாய்.

தகட்டில் சந்தனம் பட்டால் கண்ணாடிக்கு மிஷின் தெரியாமல் போய்விடும் என்று தகடுகளைக் கழற்றியது நான். டெக்னீஷியனைத் தவிர யாரும் தகட்டைத் தொடக்கூடாது என்பது ரூல். தொட்டேன். கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மேசைமேல் வரிசையாகக் காயவைத்தேன். பொரி கடலைத் தட்டு வைக்க இடம் இல்லை என்று யாரோ தகடுகளை அள்ளி ஓரமாக அடுக்கிவிட்டார்கள். யார் அள்ளினார்கள் என்பது முக்கியம் இல்லை. திரும்ப ஒட்டியது நான்தான். தகட்டு மூலையில் கடுகு அளவில் நம்பர் இருக்கும். படிக்கிற கண்ணாடி என் கைப்பையில் இருந்தது, கைப்பை லாக்கரில் இருந்தது, பூசணிக்காய் உடைக்கப்போகிறார்கள் என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். சட்டுச் சட்டென்று ஒட்டிவிட்டு ஓடிவந்தேன். ஆறாம் நம்பர் மிஷினில் ஏழாம் தகடு, ஏழாம் நம்பரில் ஆறாம் தகடு.

பூஜை முடிந்து, லிம்முக்கும் விபூதி வைத்துவிட்டு, மலாய்க்கார அக்காமார்களோடு வடை சாப்பிட்டுவிட்டு, மிஷினை ஓட்டினோம். மூன்று மணி நேரம் கழித்து நீ ஆறாம் நம்பர் முன்னால் போய் நின்றாய். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியோ ஏழாம் தகட்டைப் பார்த்து, ஏழாம் நம்பரின் கதையைச் சொன்னது. ஆறிவிட்டது, வடிக்கலாம் என்றது. நீ குனிந்து வடிகால் வால்வைத் திறந்தாய். அந்தப் பக்கம் கழிவுநீர் வாய்க்காலைக் கழுவிக்கொண்டிருந்த ரஃபீக்கின் இரண்டு காலிலும் கொதிநீர் பாய்ந்தது.

அந்தப் பங்களாதேஷ் தம்பி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் தேறிவிட்டான், அதுவும் உனக்குத் தெரியும். நீதான் ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டுபோனாய். அவன் உன்னை அவன் பாஷையில் அக்கா என்று, "திதி, திதி" என்று கூப்பிட்டு, "நீங்க அழாதீங்க" என்று உனக்கே ஆறுதல் சொன்னான். தேறி ஊருக்குப் போகும்போதுகூட உன் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனான்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எல்லாரும் ரஃபீக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். நான் தரையைத் துடைக்க நின்றேன். குளிர்ந்து கிடந்த ஏழாம் நம்பர் முன்னால் போனேன். என் கண்ணாடி கொதிக்கிற சூட்டைக் காட்டியது. எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை புரிய. கை தானாகப் போயிற்று என்று பொய் சொல்லமாட்டேன், யார் கையும் தானாகப் போகாது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டு தகட்டையும் பிடுங்கி மாற்றி ஒட்டினேன்.

லிம் வந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

மேல் ஆபீஸில் உன்னை உட்காரவைத்து விசாரித்தார்கள். "நான் ஆறாம் நம்பரத்தான் பாத்தேன் சார், திறக்கலாம்னுதான் காட்டுச்சு" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாயாம். உன் கண்ணாடி அந்த நிமிடத்தில் எதைப் பார்த்தது என்று கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார்களாம். ஏழாம் தகடு என்று இருந்தது. தகடு இருக்கும் இடத்தில்தானே மிஷினும் இருக்கும்? அவர்கள் மேல் தப்பு இல்லை. ஏழைப் பார்த்துவிட்டு, திரும்பி, ஆறைத் திறந்துவிட்டாய் என்று எழுதி முடித்தார்கள். உன்னைச் சாயத்திலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள்.

ஒரே நீலத்தில் இரண்டு நீலம் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற கண் உன்னுடையது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரனே உன்னைக் கூப்பிட்டுக் கேட்பான். அந்தக் கண்ணைத்தான் நீயே சந்தேகப்பட ஆரம்பித்தாய்.

"நம்பர் மேல சந்தனத்த அப்புனது நான்தானே? நானே மறைச்சுட்டு நானே தப்பாப் பாத்திருக்கேன்" என்றாய் என்னிடம். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாய். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் கோமளா. வேலை போகும், ரஃபீக் காலுக்கு நான் பதில் சொல்லவேண்டும், நீ என் மூஞ்சியில் முழிக்கமாட்டாய் என்று பயம். அடுத்த வாரம் சொல்லலாம், தீபாவளி போகட்டும், தைப்பூசம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ள அது கனத்துக்கொண்டே போயிற்று.

கண் டாக்டரிடம் போனோமே, அதை எழுதாமல் தாண்டிப்போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்காகத்தான் நாலாவது தடவையாக எழுந்தேன். முடியவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த இனிப்பு நீர் வியாதி கண்ணுக்கு எறங்கிருச்சோ என்னமோ, கூட வாடி" என்று என்னைத்தான் கூப்பிட்டாய். உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தாய். கடைசி வரி வரைக்கும், பூச்சி மாதிரி இருந்த எழுத்துகளைக்கூட, ஒன்று தப்பாமல் படித்தாய். பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாய். டாக்டர் உன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்.

நீ சந்தோஷப்படவில்லை. வெளியே வந்து, காடி சாவியை என் கையில் கொடுத்தாய்.

"நீ ஓட்டுடி."

"ஏன், கண்ணுதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப மண்டதான் சரியில்லபோல."

நான் ஓட்டினேன். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததை நீ என் வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாய். அலமாக், ஐயோ கோமளா, அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாமே நீ.

அதற்குப் பிறகு நீ காடி ஓட்டவே இல்லை, உன் தம்பியிடம் கொடுத்துவிட்டாய். வீட்டைப் பூட்டிவிட்டு வந்து மறுபடியும் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாய். பேக்கிங்கில் ஒரு பெட்டிக்கு லேபிள் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவளை, "இது சரியா பாரு, இது சரியா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு ஒரு காலையில் குளிக்கப் போனவள் விழுந்துவிட்டாய். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது, பிரஷரும் இனிப்பு நீரும்தான் காரணம் என்றார்கள். நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொன்னால் நெஞ்சு கேட்கிறதா?

இவ்வளவு நாள் மூடி வைத்திருந்தவள் இப்போது ஏன் வாய் திறக்கிறாள் என்று கேட்பாய். கேள்.

புதுக் கண்ணாடி வந்ததும், எங்கெங்கே விபத்து நடந்ததோ அங்கங்கே ஒரு பாடம் தெரியவேண்டும் என்று ஆபீஸில் முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆறாம் நம்பருக்கு இரண்டு அடி முன்னால் போய் நின்றால் இப்போது மஞ்சள் எழுத்தில் ஒரு வரி வருகிறது. 'இங்கே ஓர் ஆபரேட்டர் ஒரு மிஷினைப் பார்த்துவிட்டு வேறொன்றைத் திறந்தார். சக ஊழியர் காயமடைந்தார். உங்கள் கவனம் எங்கே?' உன் பெயர் இல்லை. பெயர் எதற்கு? செக்‌ஷனில் யாருக்குத் தெரியாது? ஒரு ஷிப்டுக்கு எத்தனையோ தடவை அந்த இடத்தைத் தாண்டுகிறேன், அத்தனை தடவையும் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு தாண்டினால் காதில் படித்துக் காட்டுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன், பன்னிரண்டாம் நம்பர் பக்கமாக. முட்டிதான் வலித்தது.

அப்படியே ஓட்டியிருப்பேனோ என்னவோ. போன வியாழக்கிழமை போன் அடித்தது. உன் மகள் தர்ஷினி.

"சித்தி! எங்க டிரெய்னிங் கெடச்சிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்? அம்மா வேல பாத்த எடத்துலயே! சாயத்துலயே போட்டிருக்காங்க. திங்கக்கிழம வரச்சொல்லிட்டாங்க!"

போலிடெக்னிக் முடித்துவிட்டாள் கோமளா. நீ பார்க்கவேண்டிய முகம் அது, நான் குரலைத்தான் கேட்டேன். "அம்மா நின்ன எடத்துல நானும் நிக்கப்போறேன்லா" என்றாள். திங்கட்கிழமை அவளுக்கு ஒரு கண்ணாடி மாட்டி, ஒன்றாம் நம்பரிலிருந்து கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆறாம் நம்பர் வரும். அந்த மஞ்சள் வரி வரும். தன் அம்மா கவனம் இல்லாதவள் என்று உன் பிள்ளை உன் இடத்திலேயே நின்று படிப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை லிம்மின் ரூமுக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் மலாயில் கொட்டினேன். தகடு, சோப்புத் தண்ணீர், பூசணிக்காய், மாற்றி ஒட்டியது, எல்லாம். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"தேவி, அந்தக் கேஸ் மூடியாச்சுலா. ஆளும் இல்ல. இப்ப ஏன்?"

"ஆள் இல்லாததுனாலதான் சார். இருந்தா அவளே வந்து உங்ககிட்ட சண்ட போடுவா."

"இத எழுதிக் குடுத்தா உங்க வேலைக்கே ஆபத்து. தெரியுமா?"

"தெரியும். பேப்பர் குடுங்க."

அரைப் பக்கம் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். அந்த மஞ்சள் வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றேன். அவரால் முடியாதாம். விபத்து ரிப்போர்ட்டில் இருப்பதைத்தான் கண்ணாடி சொல்லும், ரிப்போர்ட்டை மாற்றக் கமிட்டி உட்காரவேண்டும், கமிட்டி புதன்கிழமைதான் உட்காரும். ஒரு வரியை எடுக்க இத்தனை பேரா என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் பாவம், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கடைசியில், "அன்னைக்கே சொல்லியிருந்தா கோமளாவ நான் பேக்கிங்குக்கு அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார் மெதுவாக. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அப்படியென்றால் திங்கட்கிழமை அந்த வரி வரத்தான் போகிறது. அதற்கு முன்னால் தர்ஷினிக்குச் சொல்லியாகவேண்டும்.

நேற்று, சனிக்கிழமை, தர்ஷினி இப்போது இருக்கும் உன் தம்பி வீட்டுக்குப் போனேன். அவர்கள் கோவிலுக்குப் போயிருந்தார்கள், தர்ஷினி மட்டும் இருந்தாள். புது யூனிபார்மை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தூக்கித் தன் நெஞ்சோடு வைத்துக் காட்டினாள். "எப்படி இருக்கு? அந்தக் கண்ணாடி போட்டா தலவலிக்குமா சித்தி?"

சுற்றி வளைக்கவில்லை. இரண்டு நாளாகப் பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "உங்கம்மா தப்புப் பண்ணல தர்ஷினி, நான்தான் பண்ணேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் அயன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா கண்ணு டெஸ்டுக்குப் போனப்ப நீங்கதானே கூடப் போனீங்க?"

"ஆமா."

"அப்பவே ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

அவள் சுவிட்சை அணைத்தாள். "அம்மா கடைசி வரைக்கும் படுக்கப் போறதுக்கு முன்னாடி நாலு தடவ எழுந்து கேஸ் அடுப்பப் பாப்பாங்க. எனக்கு எரிச்சலா வரும். ஒருநாள், 'ஒனக்கென்ன பைத்தியமா?'ன்னு கத்திட்டேன். 'அப்படித்தான் போலடா'ன்னு சிரிச்சாங்க." சட்டையை மடித்து வைத்தாள். "அந்த வார்த்தைய நான் இப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போங்க ஆன்ட்டி."

ஆன்ட்டி என்றாள், கோமளா. பேசப் பழகின நாளிலிருந்து சித்தி என்று கூப்பிட்ட பிள்ளை. பெட்ரோல் ஸ்டேஷனில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத பொம்பளையைக்கூட ஆன்ட்டி என்றுதானே கூப்பிடுவோம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கேட்டைத் திறக்கத் தெரியாமல் தள்ளிக்கொண்டே நின்றேன், இழுக்கவேண்டிய கேட். அவள் வந்து இழுத்துத் திறந்துவிட்டாள்.

கோபம் வரவில்லை. நியாயம்தானே? நான் உன்னிடமிருந்து எடுத்ததை அவளிடமிருந்தும் எடுத்திருக்கிறேன். தன் அம்மாவை நம்பியிருக்கவேண்டிய கடைசி நாள்களை எடுத்துவிட்டேன். அதை எந்தக் கமிட்டி எந்தப் புதன்கிழமை உட்கார்ந்து திருப்பிக் கொடுக்கும்?

இன்று மத்தியானம் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அப்படியே எழுதுகிறேன். 'நாளைக்கு ஆறாம் நம்பர்கிட்ட நான் வர்றப்ப நீங்க அங்க இருக்கணும். என்கிட்ட சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லணும் ஆன்ட்டி.' இரண்டு தடவை படித்தேன். 'சரி' என்று மட்டும் போட்டேன். நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டாள். அதிலிருந்துதான் இப்படி உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். வேலை போகட்டும், அது ஒன்றும் இல்லை. அத்தனை பேர் முன்னால் வாய் வருமா, மறுபடியும் பஸ் வந்த மாதிரி ஏதாவது ஒரு சாக்கு வந்து நின்றுவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதி, மடித்து, உறையில் பத்திரிகை விலாசமும் எழுதி ஒட்டிவிடப்போகிறேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டால் பிறகு பின்வாங்க வழி இருக்காது.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான் கோமளா. நாளைக் காலை ஆறாம் நம்பர் முன்னால் நிற்பேன். உன் பிள்ளை வருவாள், கண்ணாடி அவளுக்கு அந்த மஞ்சள் வரியைக் காட்டும். அவள் படித்து முடிப்பதற்குள், மிஷின் சத்தத்துக்கு மேலே, லிம்முக்கும் கேட்கிற மாதிரி, ஆபீஸுக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லுவேன்: கோமளா ஆறைத்தான் பார்த்தாள். அவள் பார்த்தது சரி. புதன்கிழமை அந்த வரியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்த இடத்தில் யார் புதிதாக வந்து நின்றாலும், என்னை வேலையில் வைத்திருக்கிற வரைக்கும் பக்கத்தில் போய்ச் சொல்லுவேன். வைத்திருக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்கு நேற்று மத்தியானம் வரைக்கும் சித்தியாக இருந்த
தேவி